மீண்டும் முளைத்த கட்டி: இனி என்ன?

மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றைப் பற்றி இன்று எல்லோருக்கும் ஓரளவேனும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களில் அவற்றைப் பற்றிய விழிப்புணர்வுப் படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆனால், தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தநாளம் போன்ற மென்மையான திசுக்களில் தோன்றும் 'சார்கோமா' என்னும் புற்றுநோயைப் பற்றி எந்தச் சுவரிலும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் இது. அந்த ஒரு சதவீதத்துக்குள்ளும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பல மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சார்கோமா நோயாளிகளையே பார்த்திருப்பார்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பிறகு முத்தாபுதுப்பேட்டையில் குடியிருக்கிறேன். மருத்துவமனைக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, 'இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்' என்று கேட்டு அக்கம்பக்கத்தினர் வருவதுண்டு. அப்படி வந்தவர்களில் ஒருவர், அருகிலுள்ள தெருவில் தச்சு வேலை செய்பவர். தொடையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி, வலி இல்லை. 'கொழுப்புக் கட்டிதான்' என்று ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அதை நீக்கியிருக்கிறார்கள். பதினான்கு மாதங்களுக்குப் பின் அதே தழும்பின் கீழ் மீண்டும் ஒரு தடிப்பு. இம்முறை பரிசோதனை செய்தபோதுதான் சார்கோமா என்று தெரியவந்தது. 'சார், திரும்பவும் வந்துடுச்சாம். இனி அவ்வளவுதானா?' என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. திரும்பி வந்த நோய் எங்கே வந்திருக்கிறது, எத்தனை நாள் கழித்து வந்திருக்கிறது, எத்தனை இடங்களில் இருக்கிறது, எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து விடை முற்றிலும் மாறும். 'திரும்பிவிட்டது' என்ற ஒரே சொல்லைக் கேட்டு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்புபவர்களும், பதற்றத்தில் கிடைத்த முதல் இடத்தில் மறுபடியும் கத்தி வைக்க ஒப்புக்கொள்பவர்களும் இந்த நோயில் ஒரே அளவு இழக்கிறார்கள்.

சார்கோமா ஏன் திரும்புகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டியைச் சுற்றி மெல்லிய உறை இருப்பதுபோலத் தோன்றும். அறுவை மருத்துவரின் விரலுக்கு, புளியங்கொட்டையைப் போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆனால், அது உண்மையான உறையன்று. கட்டி தன்னைச் சுற்றியுள்ள திசுவை நெருக்கி உண்டாக்கிய சுவர்தான். அந்தச் சுவருக்குள்ளும் அதற்கு அப்பாலும் நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கும். எனவே, கட்டியோடு சேர்த்து அதைச் சூழ்ந்த நல்ல திசுவையும் ஒரு போர்வையைப் போல எடுத்தாக வேண்டும். சாதாரணக் கட்டி என்று நினைத்துப் பிதுக்கி எடுத்தால் விதை உள்ளேயே தங்கிவிடுகிறது. 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டி, தசைக்கு அடியில் ஆழமாக இருக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே வரும் கட்டி ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. படமும், தடித்த ஊசியால் எடுத்த திசுப் பரிசோதனையும் இல்லாமல் தொடக்கூடாது என்று மருத்துவ நெறிமுறைகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. கட்டியில் வலி இல்லாததுதான் இதில் பெரிய ஏமாற்று. வலிக்காத கட்டிக்கு நம் ஊரில் யார் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள்?

முறையாகச் சிகிச்சை செய்தும் நோய் திரும்புவது உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நோய்ச் செல்களின் வீரியத்தை 'கிரேடு' என்று குறிப்பிடுகிறார்கள். வீரியம் மிகுந்த கட்டி, எவ்வளவு நேர்த்தியாக நீக்கினாலும், ரத்தத்தின் வழியே வேறிடம் போயிருக்கலாம். திரும்பும் நோயில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. அதற்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை. உடல் நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திக்கொள்வது நம்மிடையே பரவலான வழக்கம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஆவடியில் புறநகர் ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, மீண்டும் பேருந்தோ பறக்கும் ரயிலோ ஏறி அடையாறு போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகிவிடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

திரும்பியிருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், முதல் வேலை மறு அறுவை அன்று; மறு ஆய்வு. தழும்புள்ள இடத்துக்கு எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன், மீண்டும் திசுப் பரிசோதனை. நெஞ்சுக்கு ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கை கால்களில் தோன்றும் சார்கோமா வேறிடம் பரவும்போது பெரும்பாலும் நுரையீரலுக்கே முதலில் செல்கிறது. அந்தப் படத்தில் சிறு புள்ளி ஒன்று தெரிந்துவிட்டால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. காசநோய் வந்துபோன தழும்புகூட அப்படித் தெரியலாம். சில வாரங்கள் கழித்து மறுபடியும் படமெடுத்து ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

மருந்தாளுநராக ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன். முதல் அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்துச் சிறு கட்டையாகவும், கண்ணாடித் தகடுகளாகவும் பரிசோதனைக்கூடத்தில் வைத்திருப்பார்கள். அவற்றை நோயாளி கேட்டுப் பெறலாம். புதிய மருத்துவமனைக்குப் போகும்போது அறிக்கையை மட்டும் கொண்டுபோனால் போதாது. மெழுகுக் கட்டையையும் தகடுகளையும் கொண்டுபோக வேண்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ள நோயில், அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணர் மறுபடியும் பார்க்கும்போது வகையின் பெயரே மாறிவிடுவது அரிதன்று. பெயர் மாறினால் மருந்தும் மாறும். நீக்கிய கட்டியைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் குப்பையில் போட்டுவிடும் இடங்களும் இருக்கின்றன. அது சில நூறு ரூபாய்ச் சிக்கனம். அதன் விலையை நோயாளி பின்னர் தருகிறார்.

நோய் பழைய இடத்திலேயே திரும்பியிருக்கிறது, வேறெங்கும் இல்லை என்றால், குணப்படுத்தும் நோக்கத்துடனேயே சிகிச்சையைத் திட்டமிடுகிறார்கள். இதைத்தான் தச்சரிடம் முதலில் சொன்னேன். பழைய தழும்பையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பதும், முன்பு கதிர்வீச்சு தரப்படவில்லை என்றால் இப்போது தருவதும் வழக்கமான முறை. அறுவைக்கு முன்னர் கதிர்வீச்சு தந்தால் அளவு குறைவாகப் போதும். ஆனால் புண் ஆறத் தாமதமாகும். 2002இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில், முன்னர் கதிர்வீச்சு பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கும், பின்னர் பெற்றவர்களில் 17 சதவீதத்தினருக்கும் புண் தொடர்பான தொல்லைகள் ஏற்பட்டன. மறுபுறம், பின்னர் தரும்போது அளவு கூடுவதால் ஆண்டுகள் கழித்துத் தசை இறுகிப்போவது அதிகம். எது நல்லது என்பது கட்டியின் இடத்தையும் ஆளையும் பொறுத்தது. முன்பே முழு அளவு கதிர்வீச்சு பெற்றவருக்கு மறுபடியும் தருவது கடினம். சிலருக்குக் கதிர்வீச்சு மூலத்தைக் குழாய் வழியே கட்டியிருந்த இடத்திலேயே வைத்துத் தரும் முறை பயன்படுகிறது.

காலை எடுக்க வேண்டி வருமா என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. ஒரு காலத்தில் எடுத்தார்கள். அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளிடம் நடத்தி 1982இல் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றியது. 16 பேருக்குக் கையோ காலோ நீக்கப்பட்டது; 27 பேருக்குக் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு தரப்பட்டது. உறுப்பைக் காத்தவர்களில் நால்வருக்கு நோய் அதே இடத்தில் திரும்பியது. ஆனால், உயிர்வாழ்ந்த காலத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதன்பின் உறுப்பைக் காப்பதே விதியாகி, நீக்குவது விலக்காகிவிட்டது. முக்கிய நரம்பையும் ரத்தநாளத்தையும் கட்டி சுற்றி வளைத்துக்கொண்டால் நீக்குவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். தச்சருக்கு அந்த நிலை வரவில்லை. தொடைத் தசையில் ஒரு பகுதி போயிற்று. நடக்கிறார், மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.

நோய் நுரையீரலில் தோன்றியிருந்தால் நிலைமை கடினமாகிறது. ஆனாலும் கதவு முழுவதும் அடைபடுவதில்லை. மற்றப் பல புற்றுநோய்களில் பரவிய கட்டியை அறுத்தெடுப்பது வழக்கமில்லை. சார்கோமாவில் அது உண்டு. கட்டிகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்து, எல்லாவற்றையும் முழுமையாக எடுத்துவிட முடியும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு நுரையீரல் அறுவை செய்கிறார்கள். 1996இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், அப்படி அறுவை செய்துகொண்ட 255 பேரில் 38 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். இது பரவிய நோய் உள்ள அனைவருக்குமான எண் அன்று. அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கானது. முதல் சிகிச்சைக்கும் நோய் திரும்பியதற்கும் இடையே இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தாமதமாகத் திரும்பும் நோய் பொதுவாக நிதானமான நோய். அறுவை தாங்காத உடலுக்கு, குறி வைத்துச் செலுத்தும் கதிர்வீச்சும் இப்போது இருக்கிறது.

பல இடங்களில் பரவிவிட்டால் மருந்துதான். இந்த இடத்தில் நான் நாற்பது ஆண்டுகளாகக் கையாண்ட பெயர் ஒன்று வருகிறது: டாக்சோருபிசின். செக்கச் செவேலென்ற நிறத்தில் இருக்கும். ஏற்றிய மறுநாள் சிறுநீரும் சிவந்துவிடும், பார்த்தவர் பதறிப்போவார். 1970களில் சார்கோமாவுக்குப் பயன்பாட்டுக்கு வந்த இந்த மருந்தே இன்றைக்கும் பெரும்பாலான வகைகளுக்கு முதல் மருந்தாக இருக்கிறது என்பது இந்த நோயின் வரலாற்றைச் சொல்லிவிடும். 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 455 பேர் சேர்க்கப்பட்டனர். டாக்சோருபிசின் மட்டும் பெற்றவர்களில் 14 சதவீதத்தினருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஐபாஸ்பமைடு என்னும் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்குச் சுருங்கியது. ஆயுள் காலத்தின் நடுப்புள்ளி முறையே 12.8 மாதங்கள், 14.3 மாதங்கள். அந்த வேறுபாடு உறுதியானதன்று என்பதே ஆய்வாளர்களின் முடிவு. எனவே, கட்டி அழுத்துவதால் மூச்சுத்திணறலோ வலியோ இருந்து, அதை விரைவில் சுருக்கியாக வேண்டும் என்றால் இரண்டு மருந்துகள். இல்லையென்றால் ஒன்றே போதும் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். டாக்சோருபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது. வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்று எல்லை உண்டு. முன்பு வேறு புற்றுநோய்க்காக அதைப் பெற்றிருந்தால் அந்த அளவையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். ஆகவே பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

நடுப்புள்ளி என்றால் என்ன என்பதையும் விளக்கிவிடுகிறேன். 'பன்னிரண்டு மாதம்' என்று கேட்டவுடன் நாள்காட்டியில் வட்டமிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறு பேரை ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் ஆயுள் அது. ஐம்பது பேர் அதற்கும் மேல் வாழ்ந்தார்கள். அவர்களில் சிலர் பல ஆண்டுகள். அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை அது சொல்வதில்லை.

அடுத்த கட்ட மருந்துகள் வகையைப் பார்த்துத் தரப்படுபவை. பசோபனிப் என்ற மாத்திரை நோய் வளராமல் நிறுத்தி வைக்கும் காலத்தை 1.6 மாதங்களிலிருந்து 4.6 மாதங்களாக நீட்டியது. கொழுப்புத் திசு சார்கோமாவுக்கு அது பொருந்துவதில்லை. அந்த வகைக்கு எரிபுலின் ஓரளவு பயன் தருகிறது. கடல்வாழ் உயிரி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட டிராபெக்டெடின் இன்னும் சில வகைகளுக்கு உதவுகிறது. புதிய மருந்து என்றாலே நல்ல மருந்து என்று எண்ணுபவர்களுக்கு ஒலாராடுமாப் என்னும் பெயரை நினைவூட்ட விரும்புகிறேன். 133 பேரிடம் நடந்த சிறு ஆய்வில் அது ஆயுளை ஏறத்தாழ ஓராண்டு நீட்டியதாகத் தெரிந்தது. 2016இல் அமெரிக்காவில் அவசரமாக அனுமதி தரப்பட்டது, உலகமே கொண்டாடியது. 509 பேரைக் கொண்ட பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தபோது பயன் ஏதும் இல்லை என்று தெரிந்து, மருந்து திரும்பப் பெறப்பட்டது. வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டு மருந்து வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரைப்பை, குடல் சுவரில் தோன்றும் 'ஜிஸ்ட்' என்ற சார்கோமா, மேற்சொன்ன கீமோதெரபி மருந்துகளுக்கு அசையாது. பரவிவிட்டால் ஒன்றரை ஆண்டு வாழ்வதே பெரிது என்றிருந்தது. 2000ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பெண் ஒருவருக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட இமாடினிப் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டிகள் சுருங்கின. அதன்பின் பரவிய ஜிஸ்ட் நோயாளிகளின் ஆயுள் நடுப்புள்ளி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது. ஆனால், நோவார்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்ற அந்த மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்தவை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தன. நோவார்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். சட்டப்பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இன்று நம் ஊரில் ஒரு கூலித் தொழிலாளிக்குக்கூட இந்த மாத்திரை எட்டுகிறது என்றால் அதற்கு அந்தத் தீர்ப்புகளே காரணம்.

எட்டினால் மட்டும் போதாது, விடாமல் விழுங்க வேண்டும். ஸ்கேனில் கட்டி சுருங்கிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். பிரான்சில் நடந்த ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்தும் மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே கட்டி வளர்ந்தது. மீண்டும் தொடங்கியபோது பெரும்பாலோருக்கு அடங்கியது. இந்த மாத்திரை கட்டியை வேரறுப்பதில்லை, உறங்க வைக்கிறது. அது பலனளிக்காமல் போனால் சுனிடினிப், ரெகோராபெனிப் என்று அடுத்த வரிசை இருக்கிறது.

எங்கே போவது? என் பதில் ஒன்றுதான்: அறுவை மருத்துவர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கோப்பைப் பார்க்கும் இடத்துக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் அப்படிப்பட்ட இடம். எங்கள் பகுதியினருக்கு ரயிலில் இறங்கியதும் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லி வழியே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, ஆவடிப் பகுதி ஒரு விசித்திரம். விமானப்படைத் தளம், கனரக வாகனத் தொழிற்சாலை, ரிசர்வ் போலீஸ் முகாம் என்று மத்திய அரசின் மருத்துவத் திட்டம் உள்ள குடும்பங்கள் ஒருபுறம். அதே தெருவில் எந்தத் திட்டமும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் மறுபுறம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களில் பலர் தமக்கு இ.எஸ்.ஐ. இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு. நோய் திரும்பிய பிறகு அட்டைக்கு விண்ணப்பித்து அலைவதைவிட, முதல் கட்டியின்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெளியூர்ச் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகையும் இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்று குடும்பமே சேர்ந்து மறைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால், மூன்றாவது சுற்றுக் கீமோதெரபி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாள் வரும்போது, அந்த உடலுக்கு உரியவருக்கு மட்டும் விவரம் தெரிவதில்லை. 'இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா, வலியைக் குறைப்பதா?' என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம். நான் சந்தித்த மருத்துவர்களில் பெரும்பாலோர், கேட்டால் சொல்பவர்களே.

வலி நிவாரண சிகிச்சை என்பது கைவிட்டபின் தருவது என்ற எண்ணமும் தவறு. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, சற்று அதிக காலமும் வாழ்ந்தனர். மார்பின் என்றால் போதைப்பொருள் என்று வீட்டார் அஞ்சுகிறார்கள். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் விழுங்கினால் வலிக்காரர் அதற்கு அடிமையாவது மிக அரிது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் அதே நாளில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மருத்துவமனைகள் மார்பினை இருப்பு வைப்பதும் எளிதாகியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களைச் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் அடங்கும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவுசெய்து, அந்தச் செவிலியரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.